மூன்றாம் நாள் உரிக்க வேண்டிய தோல்

கார்விக்,
சனிக்கிழமை, பகல்.

அன்புள்ள ஹெட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நாய் மட்டும்தான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமென்றால் உன் பதில் வர வழியில்லை. வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் நலம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

இதைக் கோரல் தன் கம்பளி லாரியில் கொண்டுவருவாள். ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, உள்ளே வைத்து, மறுபடி தைத்து அனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு. ஆனால் பாதியில் கோபம் வந்து எரித்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும். செய்ய வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை முதலிலேயே எழுதலாம். எழுதினால் மற்றதை நீ படிக்கமாட்டாய். மற்றதையும் நீ படிக்க வேண்டும்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்பதே போன வாரம்தான் எனக்குத் தெரியும். மூட்டை ஏற்ற வந்த கோரல் என் பக்கம் திரும்பாமலே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, "உன் குட்டி சேடூனா பக்கம் கடலோரமா மேயுது மெரில். சிப்பிக் கொட்டகையில வேலை. கையெல்லாம் கிழிஞ்சு கிடக்கு, வாய் மட்டும் அப்படியே இருக்கு. மேல ஒரு கேள்வி கேட்டே, லாரியை உன் மேலயே ஏத்திடுவேன்" என்றாள். அன்று ராத்திரிதான் மூன்று வாரத்துக்குப் பிறகு சாப்பாடு எனக்கு ருசித்தது.

ஆடுகள் பரவாயில்லை. மழை இல்லை. கிணற்றுக் காற்றாடியின் ஒரு இறக்கை முறிந்து கிடக்கிறது. ஏணியை யார் பிடிப்பது என்று அப்படியே விட்டிருக்கிறேன். நம் நாய் ஸ்பேனர் தினமும் உன் அறை வாசலில் படுத்துக்கொண்டு, நான்தான் உன்னை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்க்கிறது. மரபு அலுவலகத்துக்கும் அதே எண்ணம்தான்.

அழைப்புக் கடிதம் வந்த அன்று நீ அதைச் சமையலறையில் நின்று இரண்டு முறை படித்தாய். முதல் வரிசைப் பெண், பத்தொன்பது வயது நிறைந்தது, ஒன்றாம் தேதி மரபு இல்லத்துக்கு வரவேண்டும், பொருத்தமென்று தேர்ந்தவனின் எண் இது, மூன்று குழந்தைகளுக்குப் பிறகு வீடு திரும்பலாம். அவன் பெயரைத் தேடி நீ காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாய். "அம்மா, கிடாய்க்காவது பேர் வைப்பாங்க" என்றாய். நான் சிரிக்கவில்லை, அழவுமில்லை, பாத்திரம் கழுவினேன். நான் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாய். மறுநாள் விடிந்தபோது அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் காணோம். ஒன்று கேட்கிறேன்: மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பெட்ரோல் கழுத்து வரை இருந்ததே, அது எப்படி வந்தது என்று வழியில் எங்கேயாவது யோசித்தாயா?

நீ போன நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்தான். கிளைவ் என்று பெயர். முப்பது வயதிருக்கும். வாசலில் காலணியைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். கத்துகிறவனை எனக்குச் சமாளிக்கத் தெரியும். காலணியைக் கழற்றிவிட்டு வருகிறவனைக் கண்டால்தான் உதறல். "பயப்படாதீங்க மெரில், உங்க பொண்ணை யாரும் அடிக்கப் போறதில்ல. பூப்போல வச்சுக்குவோம். இந்த மாதிரி ரத்தம் ஆயிரத்துல ஒண்ணு. வீணாப் போகலாமா?" என்றான். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பிறகு, அவள் தலைவாரும் பிரஷ் இருந்தால் கொடுங்கள், பிறந்த அன்று எடுத்த ரத்தத்தோடு சரிபார்த்துக்கொண்டால் எந்த வாசலில் எந்தப் பெயரில் போனாலும் கண்டுபிடித்துவிடலாம் என்றான்.

எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய் உன் பிரஷ்ஷை அடுப்பில் போட்டேன். பிறகு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? துணி துவைக்கும் அறையில் ஸ்பேனருக்கு வாரும் பிரஷ் தொங்கியது. உன் தலையும் அதன் முதுகும் ஒரே செம்பட்டை என்று அப்பா கேலி செய்வாரே. அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவனும் ஒரு பையில் போட்டு, நன்றி சொல்லிக் காலணியை மாட்டிக்கொண்டு போனான்.

எட்டாம் நாள் திரும்பி வந்தான். இந்த முறை காலணியோடு. "உங்க பொண்ணுக்கு வால் இருக்கு போல" என்றான். சிரிக்கவே இல்லை. "ஒளிக்க ஒண்ணும் இல்லாதவங்க நாய் முடியைக் கொடுக்க மாட்டாங்க. இந்தச் சுத்து வட்டாரத்துல யாரோ ஒருத்தி பேருல அவளை வச்சிருக்கீங்க. யாருன்னு விரல் சொல்லும்" என்றான். மறுநாளே கார்விக் மண்டபத்துக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். வருகிற வியாழன் காலை ஒன்பது மணிக்கு, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை உள்ள எல்லாப் பெண்களும் வந்து விரலைக் குத்தி ரத்தம் கொடுக்க வேண்டும். என் குறும்பு ஊருக்கே வினையாயிற்று.

உன் பிரஷ்ஷையே கொடுத்திருந்தால் என்ன, என் ரத்தம்தான் பிறந்த அன்றே அவர்களிடம் இருக்கிறதே என்று நீ கேட்பாய்.

இல்லை, ஹெட்டி. அவர்களிடம் உன் பெயரில் இருப்பது உன் தோழி டாம்சினின் ரத்தம்.

எழுதிவிட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை

குட்டி செத்த தாய் ஆட்டிடம் அநாதைக் குட்டியை எப்படிச் சேர்ப்போம் என்று உனக்குத் தெரியும். ஏழு வயதில் அழுதுகொண்டே பார்த்தாய், பிறகு நீயே என்னைவிடச் சுத்தமாகச் செய்தாய். செத்த குட்டியின் தோலை உரித்து, காலுக்கு நாலு ஓட்டை போட்டு, அநாதைக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவோம். தாய் முகர்ந்து பார்க்கும். தன் வாசனைதான் என்று மடியைக் கொடுக்கும். மூன்றாம் நாள் தோலைக் கழற்றிவிட வேண்டும். அதற்குள் தாயின் பால் குட்டியின் உடம்பில் ஊறி, அதற்கே அந்த வாசனை வந்துவிடும். கழற்றாமல் விட்டால் தோல் அழுகி, ஈ மொய்த்து, உள்ளே இருக்கிற உயிருக்கும் புழு பிடிக்கும்.

நான் பத்தொன்பது வருடமாக அதைக் கழற்றவில்லை.

உன் அப்பாவின் குடும்பத்தில் ஒரு வியாதி உண்டு. நாற்பதைத் தாண்டும்போது ஆரம்பிக்கும். முதலில் கை தானாக ஆடும், கால் சொன்னபடி கேட்காது, பிறகு பேச்சு குழறும், கடைசியில் புத்தியும் போகும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல மெரில். ஓடிப்போறதுன்னா ஓடிப்போ. வண்டியில பெட்ரோல் இருக்கு" என்றார். நான் ஓடவில்லை. அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இன்றைக்கும்கூட.

மரபுச் சட்டம் வந்து ஒரு வருடத்தில் நீ பிறந்தாய். சட்டத்துக்கு முன்னால் பிறந்த எங்களை யாரும் குத்திப் பார்க்கவில்லை. பிறக்கிற குழந்தைகளை மட்டும்தான். நீயும் டாம்சினும் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே அறையில் பிறந்தீர்கள். நர்ஸ் வந்து உங்கள் இருவரின் குதிகாலிலும் குத்தி, தடித்த அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தத்தை எடுத்தாள். அது சில மணி நேரம் காய வேண்டும். ஜன்னல் விளிம்பில் இரண்டு அட்டையையும் பரப்பி, ஒவ்வொன்றின் முன்னாலும் பெயரெழுதிய உறையை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். பக்கத்துக் கட்டிலில் டாம்சினின் அம்மா க்வெண்டா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் எழுந்துபோய் இரண்டு உறையையும் இடம் மாற்றி வைத்தேன். மேசையில் ஒரு கோப்பையை நகர்த்துகிற அளவு வேலைகூட இல்லை.

உனக்கு அந்த வியாதி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இருந்துவிட்டால் என்ற பயம்தான். இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. மூன்றாம் மாதம் காகிதம் வந்தது. நீ முதல் வரிசை. டாம்சின் மூன்றாம் வரிசை, காரணம்: பரம்பரை நரம்பு வியாதி. க்வெண்டா அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் ஓடிவந்தாள். நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் புருஷன், "எங்க வம்சத்துல இது கிடையாது, உங்க வம்சத்துலயும் கிடையாதுங்கிறே. அப்ப இது எங்கேயிருந்து வந்த ரத்தம்?" என்று கேட்டான். ஒரு தடவைதான் கேட்டான். அந்த மாதமே சுரங்க வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. நான் இறைச்சி வைத்த பாஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். டாம்சினுக்குப் பன்னிரண்டு வயதாகி, கருப்பையை மூடுவதற்கு அழைத்தபோதும் சொல்லியிருக்கலாம். நீதான் அவளுக்குத் துணையாகப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். இருவருக்கும் அன்று காலையில் நான்தான் கிண்ணம் கவிழ்த்தாற்போல ஒரே மாதிரி முடி வெட்டிவிட்டேன். சொல்லியிருந்தால் அந்தக் கதவுக்குள் நீ போயிருப்பாய். இதுதான் உண்மை. அவளைக் கொடுத்து உன்னை வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

அலுவலகத்தார் முதல் வரிசை, மூன்றாம் வரிசை என்று வாய் நோகாமல் சொன்னதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டி மொழியில் சொன்னார்கள். நீ இனத்துக்கு வைக்கிற பொலி, அவள் ஒதுக்கித் தள்ளுகிற கழிசல். அவளைக் கழிசல் என்ற பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்தாய். நான் உன்னைத் திட்டிவிட்டு, கொட்டகைக்குள் போய் அழுதேன்.

பெர்த்துக்குப் பள்ளிச் சுற்றுலா அனுப்பவில்லை என்று ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாயே, மேற்கு எல்லையில் விரலைக் குத்துகிறார்கள் என்பதுதான் காரணம். டாம்சினுக்கு அந்தப் பக்கம் நல்ல வேலை ஒன்று வந்தபோது, க்வெண்டாவுக்கு யார் துணை என்று நயமாகப் பேசித் தடுத்ததும் நான்தான். மரபு இல்லத்தின் வாசலிலும் குத்துவார்கள். ஓடு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்ரோல் ஊற்றத்தான் கை வந்தது.

இனி அப்பாவைப் பற்றி. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அவரைக் குடிகாரர் என்றுதான் உனக்குத் தெரியும். ஊருக்கும் அப்படித்தான். உன் பள்ளி விளையாட்டு விழாவில் எல்லார் முன்னாலும் அவர் கால் பின்னி விழுந்தபோது, நீ எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாய். அப்போது உனக்குப் பத்து வயது. அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, ஹெட்டி. மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ஒரு பீர் டின்னைத் திறந்து, சட்டைக் காலரில் ஊற்றிக்கொண்டார். ஊருக்குள் போகும்போதெல்லாம் அப்படித்தான் செய்வார். வாழ்நாளில் ஒரு குவளைக்கு மேல் அவர் குடித்ததில்லை. அதிலும் பாதியைச் சட்டைதான் குடித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடலாம் என்றேன். "குடிகாரன் பொண்ணுன்னு சொன்னா நாலு நாள் அழுவா. அந்த வியாதிக்காரன் பொண்ணுன்னு தெரிஞ்சா அவளை மறுபடி குத்திப் பாப்பாங்க. அழட்டும் விடு" என்றார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துதான் செத்தார் என்பது நிஜம். போதையில் விழுந்தார் என்பது மட்டும்தான் பொய். சவ அடக்கத்தில் நீ அழவில்லை. அவர் அதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

ஆகவே, டாம்சினின் பெயரில் வந்த அந்தக் காகிதம் உன்னைப் பற்றியது. அந்த வியாதி உன்னிடம் இருக்கிறது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள், கம்பளிக்குள் வைத்துத் தைத்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை காலை

கோரல் மத்தியானம் வருவாள். சீக்கிரம் எழுதுகிறேன்.

நேற்று மாலை டாம்சினிடம் சொல்லிவிட்டேன். ஆடுகளின் வாலைச் சுற்றியுள்ள அழுக்குக் கம்பளியை வெட்ட உதவிக்கு வந்திருந்தாள். வியாழக்கிழமை அவள் விரலை நீட்டினால் இயந்திரம் உன் பெயரைச் சொல்லும். அவளை ஒன்றும் தெரியாமல் அந்த வரிசையில் நிற்க விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடம் வராத மனம். ஆட்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் என்னை நிறுத்தவில்லை. முடிந்ததும், "அப்ப எங்கப்பா போனதும் இதனாலதானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கத்தரியைக் கீழே வைத்தாள். வெட்டாத மூன்று ஆட்டையும் திறந்து விட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேராக அலுவலகத்துக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நியாயம்தான். மடியில் கனமிருப்பவளுக்கு வீட்டுக்குள்ளேயே வழிப்பறிப் பயம். ரோட்டில் புழுதி எழும்பினால் போதும், உன்னைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்ல வருகிறார்கள் என்றே தோன்றியது.

இன்று காலை அவளேதான் வந்தாள். உட்காரவில்லை. "மூடின அன்னிக்கு அந்த டாக்டர் எனக்கு ஒரு லாலிபாப் கொடுத்தாங்க ஆன்ட்டி. நீங்க பாஸ்டி கொண்டுவந்தீங்க. ரெண்டையும் தின்னேன். ரெண்டுக்கும் தேங்க்ஸ் வேற சொன்னேன்" என்றாள். பிறகு தன் சாம்பல் நிற அடையாள ஏட்டை எடுத்து மேசையில் போட்டாள். "இது அவளுக்கு. உங்களுக்காக இல்ல. அந்த பெஞ்சுல நாள் பூரா எனக்காக உக்காந்திருந்தாளே, அதுக்கு" என்றாள்.

அந்த ஏடு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. உள்ளே உள்ள படம் பன்னிரண்டு வயதில் எடுத்தது. அந்தக் கிண்ண முடியில் உங்கள் இருவரையும் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது.

வியாழக்கிழமை அவளை என்ன செய்வார்களோ என்று அவளிடமே கேட்டேன். "என்ன செய்வாங்க? பொலி ரத்தம், கழிசல் முத்திரை! அவங்க போட்ட பூட்டுக்கு அவங்ககிட்டயே சாவி கிடையாதுன்னு எங்கம்மாகிட்ட எழுத்துல கொடுத்திருக்காங்க. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அவங்க மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, ஏட்டைப் போட்ட கையைச் சட்டைப் பைக்குள் விட்டவள் வெளியே எடுக்கவே இல்லை. இந்த ஏழு வருடத்தில் அவர்கள் சாவி செய்திருந்தால் என்ன ஆகும்? அதை அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "பேர் வரிசையிலதான் கூப்பிடுவாங்க. ட்ரெவாரோங்கிற எங்க குடும்பப் பேரு கடைசியிலதான் வரும், மத்தியானம் ஆயிடும். அவகிட்டச் சொல்லுங்க, தூங்குமூஞ்சி, புதன்கிழமையாவது நேரத்துல எந்திரிக்கச் சொல்லி" என்றாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கவனமாகப் படி.

புதன் காலை கோரல் உன்னை ஏற்றிக்கொண்டு மேற்கு எல்லைக்குப் போவாள். முன்னால் பூச்சி பரவாமலிருக்க ஆப்பிளும் ஆரஞ்சும் பிடுங்கினார்களே, அதே கூண்டில்தான் இப்போது விரலையும் குத்துகிறார்கள். பழம், தேன், விதை எதுவும் எடுத்துப் போகாதே. ஒரு ஆரஞ்சுக்காக உன்னை ஓரமாக நிறுத்திவிடப் போகிறார்கள். ஏட்டைக் கொடு. உன் சொந்த விரலை, எந்தத் தந்திரமும் செய்யாமல், நீட்டு. பத்தொன்பது வருடம் பயந்து ஒளித்த அந்த விரல்தான் உன்னைக் காப்பாற்றும். உன் ரத்தம் அவர்களுடைய இயந்திரத்தில் டாம்சின் ட்ரெவாரோ, மூன்றாம் வரிசை என்றுதான் வரும். மூன்றாம் வரிசையை எந்த வாசலிலும் நிறுத்த மாட்டார்கள். போனால் போகட்டும் என்று நினைக்கிறவர்களைத் தடுக்க அவர்களுக்கு என்ன அவசியம்?

அந்த ஆள் டாம்சின் என்று கூப்பிட்டால் உடனே நிமிர்ந்து பார். கழிசல் என்று கிண்டல் செய்தால் பல்லை உடைக்காதே. டாம்சின் அப்போது என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும்: வாயைத் திறக்காமல், அவன் தலைக்கு மேலே எதையோ பார்ப்பாள். அதைச் செய். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இரு என்று உன் அம்மா கேட்கிறேன்.

வியாழன் ஒன்பது மணிக்கு மண்டபத்தில் முதல் ஆளாக நான் நிற்பேன். ஜன்னல், அட்டை, உறை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். டாம்சினுக்கு எதுவும் தெரியாது, ஏட்டை அவளிடமிருந்து நானே திருடினேன் என்றும் சொல்வேன். ஒரு பொய் கூடினால் எனக்கு என்ன பெரிய வித்தியாசம்? நான் சொன்ன நிமிஷத்திலிருந்து உன் விரல் உன் பெயரைத்தான் சொல்லும். அதனால் புதன் பொழுது சாய்வதற்குள் நீ அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். அங்கே இந்தச் சட்டம் செல்லாது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று நினைக்காதே. அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்றும் நினைக்காதே. நீ திரும்பி வந்தால் டாம்சின் கொடுத்தது வீண், அப்பா காலரில் ஊற்றிக்கொண்டதும் வீண்.

புதன் மாலை க்வெண்டாவிடம் போய்ச் சொல்வேன். எனக்கு மண்டபத்தைவிட அந்தச் சமையலறைதான் அதிக பயம். இந்தத் தடவை பாஸ்டி எடுத்துப் போக மாட்டேன்.

நான் தைரியசாலி இல்லை. இந்தக் கையெழுத்தைப் பார், கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இது வெறும் பயம்தான், வேறு எதுவும் இல்லை. ஸ்பேனரைத் தன்னிடம் விடச் சொல்லி டாம்சின் கேட்டிருக்கிறாள். எனக்கு எத்தனை வருடம் கிடைக்கும் என்று தெரியாது. கணக்குப் போட்டுப் பார்க்காதே.

உனக்கு நல்ல வருடங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அதற்குள் மருந்தும் வரலாம். யாரையாவது பிடித்திருந்தால், எண்ணைக் கேட்காமல் பெயரைக் கேள். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடு, அப்பா என்னிடம் சொன்ன மாதிரி. ஓடுகிறவன் ஓடட்டும். நிற்கிறவன் ஒருவன் இருப்பான். நானே நின்றேனே.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் முதலில் எதிர்ப்படுகிற ஆளிடம் ஹெட்டி என்று உன் பெயரை உரக்கச் சொல். யாருடைய தோலும் உன் மேல் இனி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. என்றைக்காவது ஒருநாள் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது உன் கை ஆடினால், மறைக்காதே கண்ணே. எல்லார் முன்னாலும் ஆடட்டும். யாருக்காகவும் உன் சட்டையில் பீரை ஊற்றிக்கொள்ளாதே.

உன்னை அனுப்பிவைக்கும்,
அம்மா.